டெர்மினல் உறைந்துவிட்டதா? கீயை யார் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள்

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தம்பி ஒருவன் போன் பண்ணினான். அவன் குரலைவிடக் காற்றுதான் அதிகம் கேட்டது.

"அண்ணே, உள்ள போயிட்டேன், வெளிய வர முடியல. எந்தக் கீயைத் தட்டினாலும் ஸ்க்ரீன் அசைய மாட்டேங்கு."

"கண்ட்ரோல்-சி அடிச்சியா மக்கா?"

"பத்து தடவை அடிச்சாச்சு."

"லேப்டாப்ப அணைச்சிராத. நீ இப்ப எதுக்குள்ள எது வழியா நிக்க, வரிசையாச் சொல்லு."

அவன் சொன்னான். லேப்டாப்பில் எஸ்எஸ்எச், தொலைவில் உள்ள கணினிக்குள் போக உதவும் நிரல். அது போய்ச் சேர்ந்த சின்ன லினக்ஸ் பெட்டியில் டிமக்ஸ், இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடுவதை உயிரோடு வைத்திருக்கும் நிரல். டிமக்ஸுக்குள் பைகோகாம், சீரியல் போர்ட்டோடு பேசும் நிரல். அதிலிருந்து சீரியல் கேபிள் வழியாகக் கருவி. அவன் விரலுக்கும் கருவிக்கும் நடுவில் மூன்று பேர் நிற்கிறார்கள். கண்ட்ரோல்-சி அந்த மூவரில் ஒருவருக்கும் உரியதல்ல. மூவரும் அதைப் பத்திரமாகக் கைமாற்றி, அசையாமல் கிடந்த கருவியிடம் பத்து முறை கொடுத்திருக்கிறார்கள்.

பத்திரம் எழுதுபவர் முன்னால் உட்கார்ந்து நாம் சொல்லச் சொல்ல, அவர் ஒரு சொல் விடாமல் எழுதுகிறார் என்று வையுங்கள். நடுவில் "கொஞ்சம் நிறுத்துங்க" என்றால் அதையும் பத்திரத்தில் எழுதிவிடுவார். ஆகவே முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும்: மேசையில் ஒரு தட்டுத் தட்டினால், அடுத்துச் சொல்வது பத்திரத்துக்கு அல்ல, உங்களுக்கு. அந்தத் தட்டுதான் எஸ்கேப் எழுத்து. தொலைவில் உள்ள இயந்திரத்தோடு பேசும் நிரல்கள் எல்லாமே இந்தத் தட்டை எப்படி வைப்பது என்று திண்டாடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வைத்தது. அதனால்தான் இன்று எதற்கு எந்தக் கீ என்று நமக்குக் குழப்பம்.

கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம். எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: விரலுக்கும் அந்தப்பக்க இயந்திரத்துக்கும் நடுவில் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எஸ்எஸ்எச் ஸ்க்ரீன் உறைந்து நிற்கிறது, எந்தக் கீயும் வேலை செய்யவில்லை

முதலில் கண்ட்ரோல்-க்யூ அடியுங்கள். கை தவறிக் கண்ட்ரோல்-எஸ் பட்டிருக்கலாம். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 போன்ற கருவிகளில், காகித நாடா படிப்பதை நிறுத்தவும் ஓட்டவும் இருந்த குறிகள் இவை. இன்றைய டெர்மினலும் அவற்றை மறக்கவில்லை. எஸ் நிறுத்தும், க்யூ ஓட்டும். கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் தட்டிவிட்டு, சர்வர் செத்துவிட்டது என்று பதறியவர்கள் நிறைய பேர்.

அசையவில்லையா? என்டர் தட்டுங்கள். பிறகு அலைக்குறி ~. பிறகு ஒரு புள்ளி.

என்டர், ~, புள்ளி. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. இணைப்பு அந்த நொடியே அறுந்து, உங்கள் சொந்த ஷெல் (கட்டளை தட்டும் இடம்) திரும்பிவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற அறிகுறிகள் பாதி தீர்ந்த மாதிரி. மற்ற கீகள் எல்லாம் அந்தப்பக்கம் போகப் பார்க்கின்றன. பாதை செத்திருப்பதால் போய்ச் சேரவில்லை. அலைக்குறியைக் கேட்பது உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் எஸ்எஸ்எச் நிரல். அது சாகவில்லை, அந்தப்பக்கத்துப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மேசையில் தட்டினால் நிமிர்ந்து பார்க்கும்.

இந்தத் தட்டு எஸ்எஸ்எச் கண்டுபிடித்ததல்ல. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், தொலைபேசி வழியாக இன்னொரு யூனிக்ஸை அழைக்க சியு என்று ஒரு நிரல் இருந்தது. வரியின் தொடக்கத்தில் ~ போட்டுப் புள்ளி வைத்தால் பேச்சை முடி என்று அதற்கு அர்த்தம். 1983-இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையோடு வந்த டிப், ஆர்லாகின் என்ற தொலை இணைப்பு நிரல்கள் இரண்டும் அதே வழக்கத்தை எடுத்துக்கொண்டன. 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதியபோது, ஆர்லாகினுக்குப் பதிலாகப் பாதுகாப்பான ஒன்று என்பதுதான் நோக்கம். விரல் பழகிய கீயை அவர் மாற்றவில்லை. மோடம் காலத்து ஒரு சின்ன ஒப்பந்தம் இப்படி நாகர்கோவிலில் என் மேசை வரைக்கும் வந்திருக்கிறது. அதை எழுதியவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு.

அலைக்குறியை மட்டும் எஸ்கேப் என்று வைத்திருந்தால் பெரும் தொல்லை. யூனிக்ஸில் ~ என்றால் வீட்டுக் கோப்புறை. நாளுக்கு நூறு முறை தட்டுவோம். ஆகவே இடத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். வரியின் முதல் எழுத்தாக வந்தால்தான் தட்டு, நடுவில் வந்தால் வெறும் எழுத்து. கட்டளைகள் எழுத்தில் தொடங்குமே தவிர ~ போட்டு அநேகமாகத் தொடங்குவதில்லை. எழுத்தால் மட்டும் பிரிக்க முடியாததை இடத்தால் பிரித்தார்கள்.

பாதை ஏன் இப்படிச் சத்தமில்லாமல் சாகிறது? எஸ்எஸ்எச் ஓடும் டிசிபி இணைப்பில் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால், நடுவில் கம்பி அறுந்தது இருவருக்குமே தெரியாது. வீட்டு ரவுட்டர் கரண்ட் போய் வந்தால், தன் வழியாக யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்ற கணக்கை மறந்துவிடும். 2017 நவம்பர் 30, ஓக்கி புயல் அடித்த அன்று, பேட்டரியில் ஓடிய என் லேப்டாப்பில் நான்கு இணைப்புகள் உயிரோடு இருப்பது போலவே நின்றன. கர்சர்கூடக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் கீ தட்டிவிட்டால் அந்த எழுத்தை லினக்ஸ் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். இயல்பான அமைப்பில் கைவிடுவதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரம் யார் காத்திருப்பது?

நிரந்தரத் தீர்வு: எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் சர்வர்-அலைவ்-இன்டர்வெல் என்ற விருப்பத்துக்கு 15 என்று கொடுங்கள். முன்னிருப்பில் அது 0, அதாவது கேட்பதே இல்லை. 15 கொடுத்தால், அந்தப்பக்கம் அமைதியாக இருக்கும்போது 15 நொடிக்கு ஒருமுறை "இருக்கிறீர்களா" என்று கேட்கும். மூன்று முறை பதில் வராவிட்டால் தானே அறுத்துக்கொள்ளும். ஏறக்குறைய முக்கால் நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். மழைக்காலத்தில் நம் மாவட்டத்தில் வேலை செய்பவர்கள் இதை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாதை செத்திருக்கும்போது ~. அடித்தால் அறுவது இந்தப்பக்கம் மட்டும். அந்தப்பக்க சர்வருக்குச் செய்தி போகாது. அங்கே உங்கள் பழைய இணைப்பு சில நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். மறுபடி உள்ளே போய் "யாரோ ஏற்கெனவே இருக்கிறார்களே" என்று பயப்பட வேண்டாம், அது நீங்கள்தான்.

அறிகுறி: ~. அடித்தேன், அது எழுத்தாகவே ஸ்க்ரீனில் விழுகிறது

இங்கே ஸ்க்ரீனை உற்றுப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது. என்டர் தட்டிவிட்டு ~ மட்டும் தட்டி நிறுத்துங்கள். அலைக்குறி தெரிகிறதா, தெரியவில்லையா?

தெரியவில்லை என்றால் எஸ்எஸ்எச் அதைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்லப்போகிறீர்கள் என்று காத்திருக்கிறது. இப்போது புள்ளி வைத்தால் அறும். கேள்விக்குறி வைத்தால் எந்தெந்தக் கட்டளை உண்டு என்று பட்டியல் வரும். தனக்குத் தெரியாத எழுத்து வந்தால், பிடித்து வைத்ததையும் சேர்த்து இரண்டையும் அந்தப்பக்கம் அனுப்பிவிடும். இணைப்பு உயிரோடு இருக்க, ~ தட்டிய உடனே ஸ்க்ரீனில் வந்துவிட்டால் அது அந்தப்பக்கம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் தட்டியதை எஸ்எஸ்எச் தட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? பெரும்பாலும் காரணம் இதுதான்: ஏதோ தட்டிவிட்டு, பேக்ஸ்பேஸ் போட்டு அழித்துவிட்டு, வரி காலியாகத்தானே இருக்கிறது என்று ~. அடித்திருப்பீர்கள். கர்சர் எங்கே நிற்கிறது என்பது எஸ்எஸ்எச்சுக்குத் தெரியாது. கடைசியாக அனுப்பிய எழுத்து என்டரா என்று மட்டும்தான் அது நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் கடைசியாக அனுப்பியது பேக்ஸ்பேஸ். உங்கள் கண்ணுக்கு வரியின் தொடக்கம். அதன் கணக்கில் வரியின் நடு. மறுபடி ஒரு என்டர் தட்டிவிட்டு அடியுங்கள், சரியாகிவிடும்.

அடுத்த காரணம் நமக்கே உரியது. தமிழ்99 விசைப்பலகை போட்டபடியே டெர்மினலுக்கு வந்திருப்போம். தமிழில் ஒரு செய்தி தட்டிவிட்டு நேராக இங்கே வந்தால், விரல் பழைய இடத்தைத் தட்டும், எழுத்து வேறாக வரலாம். முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். யுஎஸ்-இன்டர்நேஷனல் என்ற அமைப்பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அதில் ~ தனியாக விழாது, அடுத்த எழுத்தின் தலையில் உட்காரக் காத்திருக்கும். ~ தட்டி ஒரு ஸ்பேஸ் தட்டினால்தான் அலைக்குறி முழுசாக வெளியே வரும். அதன்பிறகு புள்ளி.

இவை எதுவும் இல்லையென்றால், அமைப்புக் கோப்பில் எஸ்கேப்-கேர் என்ற விருப்பத்தை யாரோ 'நன்' என்று வைத்திருக்கலாம், அல்லது கட்டளையிலேயே சின்ன 'இ' விருப்பத்தோடு அப்படிக் கொடுத்திருக்கலாம். டெர்மினல் ஒதுக்காமல் ஓடும் இணைப்புகளிலும் எஸ்கேப் கிடையாது. குழாய் வழியாகக் கோப்பு போகும்போது நடுவில் வரும் ~. ஒன்று இணைப்பை அறுத்துவிடக் கூடாதே, அதற்காகத்தான். எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக மாஷ் என்ற நிரலை வைத்திருப்பவர்கள் ~ தேட வேண்டாம். அங்கே கண்ட்ரோல்-^, பிறகு புள்ளி.

இன்னொன்று. ~ அடித்துப் பெரிய எழுத்து சி தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பிலேயே புதிதாகப் போர்ட் திறந்துவிடலாம் என்று பழையவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இப்போது தட்டினால் அந்த வசதி முடக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி வரும். உங்கள் தவறல்ல. 2023 பிப்ரவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.2 முதல் அது முன்னிருப்பில் மூடப்பட்டிருக்கிறது. நிரலை இறுக்கமான கூண்டுக்குள் வைத்து ஓட்ட வசதியாக. வேண்டுமென்றால் எனேபிள்-எஸ்கேப்-கமாண்ட்லைன் என்ற விருப்பத்தைத் திறந்துகொள்ளலாம்.

அறிகுறி: உள்ளே இருப்பதை அறுக்கப் போனேன், வெளியே இருப்பது அறுந்துவிட்டது

வீட்டிலிருந்து முதல் சர்வர், அங்கிருந்து இரண்டாவது சர்வர். இரண்டாவது உறைந்துவிட்டது. ~. அடித்தால் முதலாவதே போய்விடுகிறது. இருவருமே எஸ்எஸ்எச், இருவருக்கும் ஒரே தட்டு. விரலுக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில் கேட்டுவிடுகிறார்.

தீர்வு: என்டர், இரண்டு ~, புள்ளி. முதலாமவர் இரண்டு தட்டைக் கேட்டதும், "ஓ, தட்டு என்பதையே எழுதச் சொல்கிறார்" என்று ஒரே ஒரு ~ மட்டும் கைமாற்றுவார். இரண்டாமவருக்கு அது வரியின் முதல் எழுத்து. பின்னால் வரும் புள்ளியோடு அவர் அறுத்துக்கொள்வார். முதல் இணைப்பு அப்படியே இருக்கும்.

மூன்றாவது சர்வர் வரைக்கும் போயிருந்தால்? எஸ்கேப்பாகப் பின்சாய்வுக் கோடு போட்டுப் பழகியவர்கள் உடனே நான்கு என்பார்கள். அங்கே ஒவ்வொரு அடுக்குக்கும் இரட்டிப்பாகும்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. இங்கே மூன்று போதும். முதல் ~ விழுங்கப்படுகிறது, இரண்டாவது ~ கடந்து போகிறது. அத்தோடு வரியின் தொடக்கம் தாண்டிவிட்டதால், மூன்றாவது ~ வெறும் எழுத்தாகவே முதலாமவரைக் கடந்துவிடும். இரண்டாமவருக்குக் கிடைப்பது இரண்டு ~. அவர் ஒன்றை விழுங்கி ஒன்றைத் தள்ளிவிடுவார். அடுக்குக்கு ஒன்று வீதம் கூட்டல்தான், பெருக்கல் இல்லை. இடத்தை ஒப்பந்தத்தில் சேர்த்ததால் கிடைத்த லாபம் இது. முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்துப் புரிந்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எண்ணிக்கொண்டிருக்க விருப்பமில்லை என்றால், உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடங்கும்போதே 'இ' விருப்பம் கொடுத்து வேறு எழுத்தை, உதாரணமாக %, எஸ்கேப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி, 2016-இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 7.3-இல் வந்த ப்ராக்ஸிஜம்ப். நடுச் சர்வர் வெறும் பாதையாக மட்டும் இருக்கும். கேட்கும் காது ஒன்றே ஒன்று. ஒரு ~. போதும்.

சர்வரின் கன்சோலை ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி) வழியாகத் திறப்பவர்கள் இதே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஐபிஎம்ஐடூலுக்கும் ~. தான். எஸ்எஸ்எச்சுக்குள்ளிருந்து அதைத் திறந்திருந்தால் இரண்டு ~ போடுங்கள்.

அறிகுறி: டெல்நெட்டில் மாட்டிக்கொண்டேன்

பழைய சுவிட்ச், பழைய டிவிஆர், ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்ற சோதனை என்று, எஸ்எஸ்எச்சுக்கு முந்தைய தொலை இணைப்பு நிரலான டெல்நெட்டைத் தொட வேண்டிய நாள் இன்னும் வருகிறது. இங்கே தட்டு கண்ட்ரோல்-]. இணைந்த உடனே அதுவே ஒரு வரியில் சொல்லிவிடும், நாம்தான் படிப்பதில்லை. கண்ட்ரோல்-] அடித்தால் டெல்நெட்டின் சொந்த வாயில் வரும். அங்கே க்விட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர். முடிந்தது. அடித்தும் வாயில் வரவில்லை என்றால் மறுபடி விசைப்பலகையைப் பாருங்கள். தமிழ்99-இல் ] இருக்கும் கீ ஞ.

இந்தக் கீ எங்கிருந்து வந்தது? கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒரு எழுத்தைத் தட்டினால், ஆஸ்கி என்ற குறியீட்டு முறையில் அந்த எழுத்துக்குரிய எண்ணிலிருந்து 64 கழிகிறது. ] என்பது 93. கழித்தால் 29. குழுப் பிரிப்பான் என்று பெயர் வைத்து, ஏறக்குறைய யாருமே பயன்படுத்தாமல் கிடந்த எண். இடத்தையோ நேரத்தையோ பார்க்காமல், யாரும் தொடாத எழுத்தாகப் பார்த்து எடுத்துக்கொண்டது டெல்நெட்டின் வழி. ஆனால் யாரும் தொடாத எழுத்து என்று ஒன்று ரொம்ப நாளைக்கு நிலைக்காது. விஐ எடிட்டர் அதே கண்ட்ரோல்-]-ஐ, ஒரு பெயர் வரையறுக்கப்பட்ட இடத்துக்குத் தாவுவதற்கு வைத்துக்கொண்டது. டெல்நெட் வழியாக விஐ ஓட்டியவர்கள் தாவப் போய் வாயிலில் வந்து விழுந்தார்கள்.

இங்கே இரண்டு விஷயங்களை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கண்ட்ரோல்-] என்பது உங்களுக்கும் உங்கள் டெல்நெட் நிரலுக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். அது கம்பியில் போவதே இல்லை. கம்பியில் போவது வேறு ஒரு தட்டு: 255 என்ற எண். 1983 மே மாதம் போஸ்டெலும் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 854 என்ற இணைய வரையறை ஆவணத்தில், 255 வந்தால் அடுத்து வருவது கட்டளை என்று இருக்கிறது. அடுத்து 244 என்றால் ஓடுவதை நிறுத்து, 246 என்றால் இருக்கிறாயா. தரவிலேயே 255 இருந்தால் இரண்டு முறை அனுப்ப வேண்டும். எஸ்எஸ்எச்சில் இரண்டு ~ போட்டபோது பார்த்த அதே இரட்டைத் தட்டு. டெல்நெட் என்று பெயர் சொல்லிக்கொண்டு இதைச் செய்யாத நிரல்கள் உண்டு. அவற்றின் வழியாகக் கோப்பு அனுப்பினால் 255 வரும் இடத்திலெல்லாம் எழுத்துகள் காணாமல் போகும்.

அறிகுறி: எஸ்கேப் என்றார்கள், மூலையில் இருக்கும் எஸ்க் கீயைத் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை

ஆகாது. எஸ்க் கீ 27 என்ற எண்ணை அந்தப்பக்கம் அனுப்புகிறது. அம்புக் கீகளும் ஸ்க்ரீனின் நிறங்களும் அந்த 27-இல்தான் தொடங்குகின்றன. அதை நடுவில் பிடித்துவைத்தால் எடிட்டரே ஓடாது. ஆனாலும் பெயர்ப் பொருத்தம் தற்செயலல்ல. ஒரு குறியீட்டிலிருந்து வெளியேறி வேறொன்றைச் சொல்ல ஒரு எழுத்து வேண்டும் என்று ஆஸ்கி உருவான காலத்தில் வாதாடியவர் பாப் பீமர். 1963-இல் வந்த முதல் ஆஸ்கியில் எஸ்கேப்பின் இடம் 126. பிறகு அது 27-க்குக் குடிபோனது. 1967 திருத்தத்தில் அந்தக் காலி வீட்டுக்கு வந்தது யார் தெரியுமா? அலைக்குறி ~. இன்று எஸ்எஸ்எச்சில் நாம் தட்டும் அதே குறி.

அறிகுறி: ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு +++ அனுப்பினேன், கட்டளை நிலைக்கு வரவில்லை

தோவாளைப் பக்கம் மோட்டார் பம்பை போனில் இயக்கச் சின்னக் கருவி செய்பவர்களும், பாலிடெக்னிக் மாணவர்களும் அதிகம் கேட்பது இது. மோடம் தரவை அனுப்பிக்கொண்டிருக்கும்போது மோடத்தோடேயே பேச +++ அடிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி அமைதி, பின்னால் ஒரு நொடி அமைதி. 1981-இல் வந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடமின் ஏற்பாடு இது. எழுத்தோடு நேரத்தைச் சேர்த்தார்கள். கோப்பு போகும்போது எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். மூன்று கூட்டல் குறிக்கு இரண்டு பக்கமும் ஒரு நொடி மௌனம் தானாக வருவது அபூர்வம்.

உங்கள் நிரல் +++ அனுப்பியதும் கூடவே என்டரையும் அனுப்புகிறதா என்று பாருங்கள். சீரியல் மானிட்டரில் வரிமுடிவு சேர்க்கும் தேர்வு திறந்திருந்தால் அதுதான் நடக்கும். அந்த என்டர், பின்னால் இருக்க வேண்டிய மௌனத்தைக் கலைத்துவிடும். வரிமுடிவு இல்லை என்று மாற்றி, முன்னும் பின்னும் ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகவே காத்திருங்கள். ஹேஸ் வழி மோடங்களில் எஸ்2 என்ற பதிவகத்தில் இருக்கும் 43, அந்தக் கூட்டல் குறியின் எண். எஸ்12-இல் இருக்கும் 50, ஐம்பதில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் அந்த மௌனத்தின் நீளம். மாட்யூலுக்கு மாட்யூல் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: சில கோப்புகளை அனுப்பும்போது மட்டும் இணைப்பு அறுகிறது. அந்த மௌன ஏற்பாட்டுக்கு ஹேஸ் காப்புரிமை வாங்கியது. பணம் கட்ட விரும்பாத சிலர் மௌனத்தை விட்டுவிட்டு, +++ வந்து அடுத்து ஏடி என்று தொடங்கும் மோடம் கட்டளை வந்தாலே போதும் என்று மோடம் செய்தார்கள். விளைவு, அந்த எழுத்துகள் தரவுக்குள் வந்தாலே மோடம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் டயல்-அப் வைத்திருந்தவரை விரட்ட, +++ஏடிஎச்0 என்ற எழுத்துகளை உள்ளே வைத்து ஒரு பிங் அனுப்பினால் போதுமாக இருந்தது. அவருடைய கணினி அதே எழுத்துகளைப் பதிலாகத் திருப்பி அனுப்பும். போகும் வழியில் அவர் மோடம் அதைப் படித்துவிட்டுத் தானே போனை வைத்துவிடும். ஒரு நொடி அமைதியின் விலை அவ்வளவு.

அறிகுறி: கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-பி அடித்தால் கர்சர் நகரவில்லை

ஸ்க்ரீன் (திரை அல்ல, டிமக்ஸ் போன்ற ஒரு நிரலின் பெயர்), டிமக்ஸ், மினிகாம், பைகோகாம் இவற்றில் ஏதோ ஒன்று நடுவில் நின்று அந்தக் கீயைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. 1987-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்க்ரீன் கண்ட்ரோல்-ஏவை எடுத்தது. வரியின் தொடக்கத்துக்குப் போக அதே கீயைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது இன்றுவரை இடைஞ்சல். கண்ட்ரோல்-ஏ தட்டி, பிறகு வெறும் ஏ தட்டினால் உள்ளே போகும். டிமக்ஸின் முதல் வடிவம் ஸ்க்ரீனுக்குள் வைத்தே எழுதப்பட்டது. மோதாமல் இருக்கத்தான் அது ஆங்கில வரிசையில் அடுத்த எழுத்தான பி-யை எடுத்துக்கொண்டது.

நிரல்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரிலும் இதே தொல்லை உண்டு, அங்கே அறிகுறி நுட்பமானது. முந்தைய கட்டளையை வரவழைக்கக் கண்ட்ரோலோடு 'பிரிண்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தைத் தட்டுவோம். டாக்கருக்குள் முதல் தட்டுக்கு ஒன்றும் ஆகாது, இரண்டாவது தட்டுக்குத்தான் நகரும். கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று தோன்றும். அந்தக் கீயும், தொடர்ந்து கண்ட்ரோல்-க்யூவும் சேர்ந்தால் டாக்கரில் வெளியேறும் குறி. ஆகவே முதல் எழுத்தை அது கையில் பிடித்துக்கொண்டு க்யூ வருமா என்று பார்க்கிறது. அலைக்குறி ஸ்க்ரீனில் தெரியாமல் நின்றதே, அதே காத்திருப்பு. டாக்கரின் அமைப்புக் கோப்பில் டிடாச்-கீஸ் என்ற இடத்தில் வேறு இணையைக் கொடுத்துவிட்டால் தொல்லை தீரும்.

சிஸ்கோ ரவுட்டரில் ஒரு கட்டளையைத் தப்பாகத் தட்டியதும், அதை ஏதோ இயந்திரத்தின் பெயர் என்று நினைத்துத் தேடிக்கொண்டு நெடுநேரம் நிற்கும். அங்கே கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அடியுங்கள். ரவுட்டரிலிருந்து வேறெங்கோ டெல்நெட்டில் போயிருந்தால், அதே மூன்றும் அடித்துக் கைவிட்டு எக்ஸ் தட்டினால் ரவுட்டருக்குத் திரும்பலாம்.

அறிகுறி: வெளியே வந்துவிட்டேன், ஆனால் மறுபடி திறந்தால் போர்ட் பூட்டியிருக்கிறது

ஆரல்வாய்மொழித் தம்பிக்கு நான் ~. சொல்லிக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான். அது முதல் ஆளை, லேப்டாப் எஸ்எஸ்எச்சை, மட்டும் அறுக்கும். டிமக்ஸ் அந்தப்பக்கம் உயிரோடு இருக்கும். அதன் வேலையே அதுதான். அதற்குள் பைகோகாம் சீரியல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அவன் மறுபடி உள்ளே போய்ப் புதிதாகத் திறந்தால் பூட்டியிருக்கிறது என்ற பதில்தான் வரும்.

நடுவில் நிற்பவர்களில் யாரை எழுப்ப வேண்டும் என்று தெரிந்தால், அவருடைய தட்டை மட்டும் தட்டினால் போதும்.

"மக்கா, கண்ட்ரோல்-ஏ அடி. விட்டுட்டுக் கண்ட்ரோல்-எக்ஸ் அடி."

"அடிச்சிட்டேன்... அண்ணே, வந்துட்டு! டாலர் குறி தெரியுது."

"அது டிமக்ஸுக்குள்ள இருக்க ஷெல். எஸ்எஸ்எச்ச இன்னும் அறுக்காத. கருவிக்குப் போற கேபிளப் பிடுங்கி மாட்டிட்டு, பைகோகாமைத் திருப்பி ஓட்டு. வேகம் எவ்வளவு குடுத்த?"

"115200."

"கருவி மேல ஒட்டியிருக்க சீட்டுல என்ன போட்டிருக்கு?"

காற்றுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"9600 அண்ணே."